சாவி இல்லாமல் பாடும் ரேடியோ

காருக்கு ரேடியோ வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அது தப்பு. சத்தம் எந்த ரேடியோவிலும் வரும். பார்க்க வேண்டியது, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான். சில ரேடியோக்கள் பென்டிரைவைச் செருகியதும் திருதிருவென்று விழிக்கும். ஒரு ஃபோல்டரில் இருக்கிற பாட்டெல்லாம் தீர்ந்ததும் அடுத்ததைத் தேடிக்கொண்டு வாயடைத்து நிற்கும். சில, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விட்ட இடத்தை மறந்து முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும். இதையெல்லாம் கடையிலேயே நின்று கேட்டுப் பார்த்துவிட வேண்டும். நான் பார்த்துத்தான் வாங்கினேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மாமனார் காருக்குள் இறந்துபோனதற்கு என் கணவர் சுகுமாரன் ரேடியோக்கடை ஐயாவு அண்ணன் மேல் புகார் கொடுத்திருக்கிறார். வயரிங் கோளாறு, பேட்டரி செத்துப் பாட்டு நின்றுவிட்டது, அப்பா பதறிப்போய் மூச்சுத் திணறிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தாராம். அது உண்மை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். ஐயாவு அண்ணன் செய்து கொடுத்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. அந்த மனிதரை நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். உங்கள் சட்டையில் கிருஷாந்தி என்று பெயரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. மலாயில் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

என் பெயர் துளசி. வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. மாமனார் பெயர் சன்னாசி. சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டினவர். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரட்டுக் களத்தில் இறக்கி விடுவார். காலையில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. தோட்டத்தை விற்று ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் ஒரு தொந்தரவும் இல்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், கோப்பையை அவரே கழுவி வைப்பார். என்னைத் துளசி துளசி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அப்புறம்தான் ஞாபகம் போகத் தொடங்கியது.

இருட்டோடு எழுந்து காலணி மாட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் பெரிய ரோட்டு நடுவில் நின்றுகொண்டு, வேலைக்குப் போகிற கார்களையும் மோட்டார்களையும் வரிசையாக நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிழைத்தது புண்ணியம். அன்றிலிருந்து கேட்டைப் பூட்டினேன். பூட்டினால் கேட்டைப் பிடித்து உலுக்குவார்.

“கங்காணியம்மா, கேட்ட தொறங்க. லேட்டாப் போனா அர நாள் பேருதான் போடுவாங்க.”

நான்தான் கங்காணி. சில நாள் செத்துப்போன மாமியார். சில நாள் யாரோ. துளசியாக மட்டும் எந்த நாளும் இல்லை. கேட்டுக்கு உள்ளே அவரும் நானும் இருந்தோம். சாவி என் கழுத்தில் கிடந்தது, அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

என் கணவருக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். கூட வேலை செய்கிறவர் காரில் தொற்றிக்கொண்டு போய்விடுவதால் எங்கள் பழைய கார் வீட்டிலேயே நிற்கும். வருகிற அன்றைக்கு அப்பாவுக்குச் சவரம் செய்து, தலை சீவி, கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு என்னிடம், “கொஞ்ச நாள்தான் லா, பொறுத்துக்க” என்பார். அவர் தங்கை பிரமிளா கிள்ளானில் இருக்கிறாள். முதியோர் இல்லம் என்று நான் வாயெடுத்ததற்கே போனில் ஒப்பாரி வைத்தாள்.

“அப்பாவ ஹோம்ல விட்டீங்கன்னா, அதோட அண்ணன் தங்கச்சி ஒறவு முடிஞ்சிச்சு அண்ணி.”

“சரி, ஒரு மாசம் நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கயேன்.”

“எங்களது ஃபிளாட்டு லா அண்ணி. லிஃப்ட்டு வேற அடிக்கடி கெட்டுப்போவுது. ரொம்ப சூசா, கஷ்டம்.”

அவள் அப்பா மேல் அவளுக்கு இருந்த பாசம் மாடிப்படி ஏறாது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கும் அவர் மேல் வெறுப்பு கிடையாது. எங்கள் தாமான் குடியிருப்புக் கடை வரிசையில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தவள் நான். சலவை செய்த சட்டை, சீவின தலை, மனிதர்கள் வந்து “குட் மார்னிங் மிஸ்” என்பார்கள். அதை விட்டுவிட்டுத்தான் அவரைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தேன். கழுவிவிட்டிருக்கிறேன், ஊட்டிவிட்டிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் திருப்பி அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரில் அவர் அமைதியாகிவிடுவார் என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் கார் நிற்கிறது, பழைய ரேடியோ ஏதோ பாடுகிறது, அவர் இறங்க மாட்டேன் என்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பாட்டு முடிந்ததும்தான் கதவைத் தள்ளினார். “தோட்டம் வந்துருச்சு, எறங்கு, எறங்கு” என்றார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சுகுமாரனிடம் கேட்டபோது விஷயம் புரிந்தது. தோட்டத்து லோரியில் அவர் சொந்தச் செலவில் ஒரு கேசட் ரேடியோ மாட்டியிருந்தாராம். இன்ஜின் ஓடினால் பாடும், நின்றால் நின்றுவிடும். ஆக, அவர் கணக்கில் பாட்டுக் கேட்டால் வண்டி போகிறது. பாட்டு நின்றால் வந்து சேர்ந்தாயிற்று. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். நான் பாட்டைப் போட்டு அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டுக் குளித்தேன். துணி காயப்போட்டேன். பிறகு அவசரமாகப் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால் வைத்த இடத்தில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த மீனைக் கழுவும்போது எனக்குப் பாட்டு வந்தது, மேடம். நானாகப் பாடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கிளினிக் டாக்டரைக் கோயிலில் பார்த்தேன். காலை வேளைக்கு ஆள் இல்லை, வருகிறாயா என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ரேடியோ வாங்கப் போனேன்.

ஐயாவு அண்ணன் கடை ஈப்போ டவுனில் இருக்கிறது. மாமனாரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே போனேன். அண்ணன் முதலில் பெரிய ஸ்கிரீன் வைத்த ரேடியோக்களைக் காட்டினார்.

“இப்ப எல்லாரும் ஸ்கிரீன்தான் எடுக்கிறாங்க தங்கச்சி. படம் கூட பாக்கலாம்.”

“படம் வேணாம்ணே. பாட்டு நிக்காம போவணும். எடையில ‘கப்’னு நிக்கக் கூடாது.”

அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்தாறு ரேடியோவைக் கழித்துக் கட்டின பிறகு ஒன்று அமைந்தது. பாட்டுக்குப் பாட்டு ஒட்டின மாதிரி பாடியது. எல்லாம் தீர்ந்தால் தானே முதலிலிருந்து தொடங்கியது. கைக்கு அடக்கமாக ஒரு ரிமோட்டும் கூட வந்தது.

“இது கண்ணாடிக்கு வெளிய இருந்து அமுக்கினா வேலை செய்யுமாண்ணே?”

“செய்யும் லா. எதுக்கு?”

“ஹால்ல இருந்தே போட்டுக்கலாமேன்னு. அப்புறம், சாவி இல்லாம பாடணும்.”

“சாவி இல்லாமயா? காடிக்குள்ள சாவிய விட்டுட்டா தன்னால பாடப் போவுது.”

“பெரியவரு கையில சாவி கெடச்சா தோட்டத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவாருண்ணே.”

அவர் பின்சீட்டில் இருந்த மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். அதுவும் சரிதான் என்று பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துக் கொடுத்தார். காரின் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் தனியாக இன்னொரு பேட்டரியும் வைத்தார். நாள் முழுக்கப் பாடும் என்றார். பழைய பாட்டுகளைத் தேடிப்பிடித்து, ஒன்று கத்தியும் ஒன்று முனகியும் வராமல் எல்லாவற்றையும் ஒரே அளவாகச் சரிசெய்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். மாமனாரைப் பார்த்து, “குடுத்து வச்சவரு தாத்தா நீங்க” என்றும் சொன்னார். இதுதான் அவர் செய்தது. இதில் எங்கே குற்றம்?

பின்கதவில் குழந்தைகள் திறந்துவிடாதபடி ஒரு சின்னப் பூட்டு எல்லாக் காரிலும் இருக்கும். அதை நான் போட்டேன். முன்சீட்டுக்குத் தாண்ட முடியாதபடி பெல்ட்டையும் போட்டுவிடுவேன். அதன் பொத்தானை அமுக்க அவர் விரலில் பலம் இல்லை. காக்கிச் சட்டை மாட்டி, பெம்பர்ஸ் கட்டி, மடியில் பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் வைப்பேன். கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கி விடுவேன். “போலாமா?” என்று கேட்பார். “போலாம்” என்பேன். ரிமோட்டை அமுக்குவேன். பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு நடந்து வேலைக்குப் போவேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து இறக்கி விடுவேன். சட்டை நனைந்திருக்கும். லோரியில் போகும்போதும் நனைந்துதான் இருக்கும்.

தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அவர் கையை ஆட்டுவார், அவர்களும் ஆட்டுவார்கள். கண்ணாடியைத் தட்டுவார். “தாளம் போடறாரு” என்று நான் சொன்னேன், எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா கோயிலில் நாலு பேர் நடுவில் வைத்து, “மாமனாருக்குக் காடியில பாட்டு வச்சுக் குடுத்திருக்கா பாரு, எந்த மருமக செய்வா?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை காலம் கழுவித் துடைத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பாட்டைப் போட்டதும் பார்த்துவிட்டார்கள்.

அதே நல்லம்மாள் அக்காதான் ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏண்டி துளசி, பெரியவரு எறக்கி விடச் சொல்றாரு.”

“தோட்டம் வந்துருச்சுன்னு நெனச்சிருப்பாருக்கா. எப்பவும் அப்படித்தான்.”

“இல்லடி. வேர்த்துக் கொட்டுதும்மா, தண்ணி தீந்துருச்சுன்னு தெளிவா சொன்னாரு. எனக்கு மனசே கேக்கல. ஞாயித்துக்கெழமை சுகு வரட்டும், ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்.”

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிரமிளா போனில் அழுவாள். சுகுமாரன் தலையில் கை வைத்துக்கொண்டு, நீ வேலையை விட்டுவிடு என்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் குறையாது. நான் மறுபடி அந்தக் கேட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னும் எத்தனை வருஷமோ கங்காணியம்மா. அதற்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. இதை ஒளிக்க என்ன இருக்கிறது? நல்லம்மாள் அக்காவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். சரி, பார்த்துக்கொள் என்று போனார்.

மறுநாளிலிருந்து கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டேன். ஏற்றினால், பாட்டு ஓடும்போது அவர் பேச்சு வெளியே கேட்காது. பாட்டு வரும். ஜன்னலுக்கு உள்பக்கம் வெயில் மறைப்பும் மாட்டினேன். காலை வேளையில் எங்கள் வாசலில் நிழல்தான். இரண்டொரு நாள் இறக்கும்போது முகம் சிவந்து, நிற்க முடியாமல் தள்ளாடினார். பார்லித் தண்ணீர் கொடுத்தேன், தேறிக்கொண்டார். அதனால் தாங்குகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குப் போயிருந்தபோது நடந்தது என்று முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். நீங்கள் கிளினிக்கில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அன்று கிளினிக் இல்லை. டாக்டர் வீட்டில் கல்யாணம். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல அவருக்குக் காக்கிச் சட்டை மாட்டி, காரில் உட்கார வைத்து, பாட்டைப் போட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். அப்புறம் பின்சந்து வழியாக வந்து சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போனேன்.

வேறு எண்ணம் எதுவும் இல்லை. என் வீட்டில் நான் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். தேநீர் போட்டுக் குடித்தேன். காற்றாடிக்குக் கீழே வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, நான் மட்டும் போட்டுச் சாப்பிட்டேன். எழுந்து போய் இறக்கி விட வேண்டிய நேரம் அதுதான் என்று தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தேன். மதியத்துக்கு மேல் வெயில் எங்கள் வாசலில் நேராக அடிக்கும், மலை மறைக்கிற வரைக்கும் அடிக்கும். அதுவும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் துணி காயப்போடுகிறவள் நான்தானே.

பாட்டு மட்டும்தான் தொந்தரவாக இருந்தது. அதே பாட்டுகள். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தலை வலித்தது. ரிமோட்டை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டி அணைத்தேன். ஆக, பேட்டரி சாகவில்லை மேடம். வயரிங்கும் கெடவில்லை. பாட்டை நிறுத்தினது நான். நீங்கள் இப்போது போய்ப் போட்டுப் பார்த்தாலும் அது பாடும்.

அந்த அமைதி நன்றாக இருந்தது. அப்புறம் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவும் பாட்டைப் போட்டேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பின்பக்கமாக வெளியே போய், சுற்றி வந்து, கேட்டைத் திறந்து, கார்க் கதவைத் திறந்து, கத்தினேன். அந்தக் கத்தல் நடிப்பு இல்லை. அவரைப் பார்த்தால் யாருக்கும் கத்தல் வரும். நல்லம்மாள் அக்கா ஓடி வந்தார். அப்போதும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது என்று அவரைக் கேட்டால் சொல்வார். ஆகவே ஐயாவு அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பாட்டு நின்றிருந்த அந்த நேரத்தில் அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்து வந்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

வெயில் மறைப்பை எப்படியோ பிய்த்து எடுத்திருந்தார். நான் திரைச்சீலையை விலக்கின அதே நேரம் அவரும் என்னைப் பார்த்துவிட்டார். எங்களுக்கு நடுவில் ஒரு ஜன்னலும் ஒரு கண்ணாடியும்தான். தோட்டம் வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. கங்காணியம்மா என்றும் கூப்பிடவில்லை.

“துளசி” என்றார், கண்ணாடியில் வாயை ஒட்டி வைத்து. பாட்டு இல்லாததால் என் காதுக்கு எட்டியது. “காடி ஓடலம்மா. எனக்குத் தெரியும். நீ வேலைக்குப் போவணுமேன்னுதான் ஒண்ணும் சொல்லாம குந்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு முடியல. கதவ தொற தாயி.”

என் பெயரைச் சொல்லி எவ்வளவு காலம் ஆகிவிட்டது. கையில் ரிமோட் இருந்தது. கழுத்தில் சாவி இருந்தது. இவருக்குத் தெரியும் என்றால் எப்போதிருந்து தெரியும், தினமும் போலாமா என்று கேட்டது யாருக்காக என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நான் மேலே போக விடவில்லை. இந்த நோயில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரே சொல்லியிருக்கிறார். வாய்க்கு வந்ததைத்தான் பேசுகிறார் என்று நானும் முடிவு செய்தேன். பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினேன்.